மிரளும் குதிரையை முகாமுக்கு அழைத்துப் போகலாமா?

வாசகி கேள்வி: எனக்கு வயது 41. பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்பு வீட்டில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோப்ரெட் பெண்குதிரை ஒன்றை வாங்கினேன். பெயர் முல்லை, இப்போது எட்டு வயது. சாதுவானவள். ஆனால் தார்ப்பாய், காற்றில் பறக்கும் உரச்சாக்கு, பின்னாலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் என்றால் உயிர் போவதுபோல் மிரளுகிறாள். சென்ற ஆண்டு ஒரு மூன்று நாள் குதிரைப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோனேன். பயிற்சியாளர் கம்பு நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அவள் நகராமல் நிற்கும்வரை உடம்பெங்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் சிலைபோல நின்றுவிட்டாள். பயம் போய்விட்டது என்றார். வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் ஒரு சாக்கு பறந்தது. அவள் பாய்ந்ததில் நான் விழுந்து காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அங்கவடியில் கால் வைக்கும்போதே இப்போது எனக்கு நடுக்கம் வருகிறது. உன் பயம்தான் குதிரைக்கு இறங்குகிறது என்கிறார்கள் நண்பர்கள். சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார் மாமனார். பொங்கல் முடிந்து வேறொருவர் நடத்தும் இரண்டு நாள் முகாம் இருக்கிறது. போகலாமா? முல்லைக்குப் பயம் போகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'சிலைபோல நின்றுவிட்டாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாம் நாள் நீங்கள் விழுந்ததன் வேர் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. ஓட வழியில்லை, எவ்வளவு துடித்தாலும் அந்தப் பை விலகவில்லை என்றால் கடைசியில் அசைவற்று நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடக்கமாகத் தெரியும். உள்ளே நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். பயத்தில் மூழ்கடித்துப் பயத்தைத் தீர்க்கும் இந்த வழி மிகப் பழையது. சில குதிரைகளிடம் பலித்தும் இருக்கிறது. முல்லையைப் போன்ற ஒரு குதிரை அதிலிருந்து கற்பது, பயத்தை மனிதரிடம் காட்டிப் பயனில்லை என்பதை மட்டும்தான். காதைத் திருப்புவது, கழுத்தை விறைப்பது, ஓர் அடி பின்வாங்குவது என்று அதுவரை அவள் உங்களுக்குச் சொல்லிவந்த சிறிய அறிகுறிகளை எல்லாம் விட்டுவிட்டு, அடுத்த முறை நேராகப் பாய்ச்சலுக்குப் போய்விட்டாள். உங்களுக்கு முன்னறிவிப்பே கிடைக்காமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 26 ஆண்டுகளாகக் குதிரைகளைப் பழக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒரு கத்தியவாரிக் குதிரையை நானும் இப்படி வற்புறுத்தியே தார்ப்பாய்மேல் நடக்க வைத்தேன். நடந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து நான் லாயத்துக்குள் வந்தாலே அது மூலைக்குப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். அந்தக் குதிரையிடம் நான் பட்ட கடனைத்தான் மற்றக் குதிரைகளிடம் இன்றுவரை தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முகாமுக்குப் போகலாம். உங்களுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. அந்தப் பத்து வாரங்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே முகாம் பயன்படும்.

முதலில் ஒரு கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். குதிரை பார்த்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். மிரட்சி என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பகுதி வலியாக இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா, முதுகு நோகிறதா, குளம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பந்தயத்தில் இருந்தபோது பொருந்திய சேணம், மூன்று ஆண்டுகளில் தசை மாறிய இந்த உடம்புக்குப் பொருந்தாது. வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறாளா, கடிக்க வருகிறாளா? அப்படியானால் இரைப்பைப் புண்ணையும் சந்தேகிக்க வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கு அது மிகச் சாதாரணமாக வரும். குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்கச் சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு நடுவில் வெறும் வயிறாக நிறுத்தினால், அமிலம் இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கும். காய்ந்த புல்லோ குதிரை மசாலோ நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கட்டும். ஏறுவதற்கு முன்பும் சில பிடி புல் தின்னட்டும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் மாண்டுபோனதை எழுதிவைத்திருக்கிறார். இன்றும் சில லாயங்களில் தீனித் தொட்டியைப் பார்க்கும்போது அந்த வரிகள் எனக்கு நினைவுக்கு வரும்.

அடுத்து, அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை யோசியுங்கள். பந்தயக் குதிரை வாயில் கடிவாளம் இறுகும்போது அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. ஜாக்கி கடிவாள வாரைச் சுருக்கிப் பிடிப்பது அதற்கு நிற்கச் சொல்லும் சைகையல்ல. பல குதிரைகளுக்கு அது வேகத்துக்குத் தயாராகச் சொல்லும் சைகை. சாக்கு பறந்த அந்த நொடியில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? யாராக இருந்தாலும் செய்வதைத்தான்: இரண்டு வாரையும் இழுத்துப் பிடித்திருப்பீர்கள். நீங்கள் நிற்கச் சொன்னது அவளுக்கு ஓடச் சொன்னதாகக் கேட்டிருக்கும். அவளுக்கு நிற்பது எப்படி என்பதை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அதை யாரும் இதுவரை செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதைத் தரையில் நின்று தொடங்குங்கள். கடிவாளம் வேண்டாம், தலைக்கயிறும் ஒரு நீளமான பிடிகயிறும் போதும். கயிற்றை மெதுவாகப் பின்பக்கம் அழுத்துங்கள். அவள் ஓர் அடி பின்னால் வைக்க நினைத்து எடையை மாற்றும் அந்தக் கணமே கையை முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதில்தான் பாடம் இருக்கிறது. அரை நொடி தாமதித்தால் அவள் வேறு எதையோ கற்றுக்கொள்வாள். ஓர் அடி பின்னால், ஓர் அடி முன்னால், நில். பிறகு கழுத்தின் உச்சியில் கயிற்றின் எடையை லேசாகக் கொடுத்து, தலையைத் தாழ்த்தக் கேளுங்கள். ஓர் அங்குலம் தாழ்த்தினாலும் உடனே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடங்கள் இது மட்டும். பந்தயக் குதிரையை எப்போதும் இடப்பக்கம் நின்றே பிடித்துப் பழக்கியிருப்பார்கள், ஆகவே வலப்பக்கம் நின்றும் இதையெல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். அது தெரியாமல், நேற்று செய்தாளே இன்று ஏன் மறந்தாள் என்று கோபப்பட்டவர்கள் உண்டு.

இனி சாக்குக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் மிகவும் பொறுமையாக இருக்க வேண்டும்.

உலகம் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று நினைத்துப் பாருங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அவளால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருட்டு இடம். பின்னாலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் முதலில் உருவமில்லாத இரைச்சலாக வந்து, பிறகு திடீரென்று கண்ணின் ஓரத்தில் முளைக்கிறது. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் குழம்பும். உங்கள் தோப்பின் பச்சைக்கு நடுவே ஒரு நீலத் தார்ப்பாய் அவள் கண்ணில் எப்படிப் பளிச்சிடும் என்று எண்ணிப் பாருங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வது வேறு. அவள் முன்னோர்களில், சலசலப்பைக் கேட்டதும் ஓடிவிட்டு அப்புறம் யோசித்தவைதான் புலியிடமிருந்து தப்பிக் குட்டி போட்டன. அவள் செய்வது அவளுக்குச் சரியான காரியம்.

ஆகவே பயமுறுத்தும் பொருளைவிடத் தூரம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி. ஒரு சாக்கை மடித்து 30 மீட்டர் தள்ளி ஒரு கல்லுக்கு அடியில் வையுங்கள். முல்லையைத் தளர்ந்த கயிற்றில் அந்தத் திசையில் நடத்துங்கள். ஏதோ ஓர் இடத்தில் காதுகள் முன்னால் குத்திட்டு நிற்கும், கழுத்து சற்று உயரும், வாயில் மென்றுகொண்டிருந்த புல் அசையாமல் நின்றுபோகும். நில்லுங்கள். அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம். அவள் பார்க்கட்டும். அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து ஒரு மூச்சு விடுவாள், ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும், தலை கொஞ்சம் இறங்கும். அப்போது அவளைத் திருப்பிக்கொண்டு சாக்கைவிட்டு விலகி நடங்கள். பயம் உச்சிக்குப் போகும் முன்பே, அமைதியானதற்குப் பரிசாகத் தூரம் கிடைக்கிறது. இதை நான்கு முறை செய்தால் ஐந்தாம் முறை அவள் நிற்கும் கோடு இரண்டு மூன்று அடி முன்னால் நகர்ந்திருக்கும். நகராத நாளும் உண்டு. அன்று நகராததை ஏற்றுக்கொண்டு லாயத்துக்குத் திரும்புங்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோமா என்று தெரிய எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். உள்ளங்கையில் கொஞ்சம் ஊறவைத்த கொள்ளோ கேரட் துண்டோ நீட்டுவேன். வழக்கம்போல் மென்று தின்றால் அவளால் யோசிக்க முடிகிறது. பறித்துக் கடித்தாலோ, முகர்ந்துகூடப் பார்க்காவிட்டாலோ நான் ஏற்கெனவே அதிக தூரம் போய்விட்டேன், பின்வாங்க வேண்டும். எண்ணிக்கையாகப் பார்க்க விரும்பினால், தாடை எலும்பின் கீழ்விளிம்பில் ஓடும் நாடியை விரலால் தொட்டு 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். சிலைபோல நிற்கும் குதிரையின் நாடியைத் தொட்டுப் பாருங்கள், அது நின்றதன் பொருள் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி இதைவிட வேகமாகப் பலன் தரும். தன்னை நோக்கி வரும் பொருளைக் கண்டு ஓடும் குதிரை, தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளைப் பின்தொடர விரும்பும். வீட்டில் யாரையாவது சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு 15 மீட்டர் முன்னால் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் முல்லையோடு பின்னால் போங்கள். முதலில் தயங்குவாள், பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் போடுவாள். சாக்கு நின்றால் நீங்களும் நில்லுங்கள். மோட்டார் சைக்கிளும் அப்படியே: முதல் வாரம் இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போகட்டும், அடுத்த வாரம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகட்டும். தன்னால் துரத்த முடிந்த ஒன்றின்மேல் குதிரைக்குப் பயம் குறைந்துவிடுகிறது. இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்றும் ஒவ்வொரு முறையும் அதே மகிழ்ச்சிதான்.

நடுநடுவே, பிடரி முடியும் இடத்தில் சேணத்துக்கு முன்னால் இருக்கும் மேட்டை விரல் நுனியால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறியும்போது இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. கழுத்தில் பட்பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாராட்டு, அவளுக்கு அது வெறும் தட்டு.

இதே சாக்கை மறுபக்கத்திலிருந்து காட்டும்போதோ, வேறு இடத்தில் வைக்கும்போதோ புதிதாக மிரளலாம். திட்டாதீர்கள். முதலிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை விரைவாக முடியும்.

இப்போது உங்கள் பயத்தைப் பற்றி. நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சுவீடனில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குதிரையோடு ஒரே பாதையில் போய்வந்தவர்களிடம் கடைசி முறை மட்டும், வழியில் ஒரு குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனால் எதிர்பார்த்த மனிதர்களின் இதயத் துடிப்பும் கூடியது, ஒன்றும் அறியாத குதிரைகளின் துடிப்பும் கூடியது. ஏறியிருந்தவர்கள் வாரைச் சுருக்கிப் பிடித்தார்கள் என்பதையும் கவனித்திருக்கிறார்கள். முன்னால் சொன்ன பந்தயப் பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், அந்தக் கை இறுக்கம் முல்லைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

ஆனால் இதைச் சொல்லி உங்களைக் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை. எலும்பு முறிந்த உடம்பு பயப்படத்தான் வேண்டும். பயப்படாதே என்று உங்களுக்கே கட்டளையிட்டுப் பயனில்லை, முல்லையிடம் செய்த அதே தவறு அது. உங்களுக்கும் ஒரு கோடு இருக்கிறது, அதை மதியுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு, ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் வயதான, எதற்கும் அசையாத குதிரை ஒன்றின்மேல் ஏழெட்டு முறை ஏறிப் பழகுங்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து தட்டிவிடாதீர்கள். பயந்த மனிதரும் பயந்த குதிரையும் ஒன்றாகத் தைரியம் கற்றுக்கொள்வது மிகக் கடினம்; ஒருவருக்காவது காலூன்ற இடம் வேண்டும். அந்தக் கிழக்குதிரையின்மேல் நடை போகும்போது வாய்விட்டுப் பாடுங்கள். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. பாடுகிறவரால் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. முல்லையின் கழுத்தில் ஒரு தோல்பட்டையைக் கட்டுங்கள். கை தானாக எதையாவது பற்றத் துடிக்கும் நேரத்தில் வாருக்குப் பதில் அதைப் பற்றலாம். விழுந்தபோது அணிந்திருந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒரு அடிக்குப் பிறகு காக்காது.

முகாம் நடத்துபவரை இப்போதே தொலைபேசியில் அழையுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரு குதிரை மிரண்டு நகர மறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதன் எஜமானன் யார் என்று காட்ட வேண்டும் என்ற தொனியில் பதில் வந்தால் அங்கே போகவே வேண்டாம், கட்டிய பணம் போனால் போகட்டும். பின்வாங்கி எளிதாக்குவேன், காத்திருப்பேன் என்பதுபோல் வந்தால் நம்பலாம். இப்படி முகாம் நடத்தும் வழக்கம் அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகளிலிருந்து வளர்ந்தது. டாம் டோரன்ஸிடம் கற்ற ரே ஹன்ட் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். குதிரையை முறித்து அடக்குவது மட்டுமே வழி என்றிருந்த இடத்தில், அது எடுக்கும் மிகச் சிறிய முயற்சியைக் கண்டுகொண்டு உடனே கையைத் தளர்த்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் வெகு காலம் முன்பே, சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் இதை எழுதிவிட்டார்: மிரளும் குதிரையை அடித்து அந்தப் பொருள் அருகே தள்ளினால் பயம் அதிகமாகும், ஏனென்றால் அந்த வலிக்கும் அந்தப் பொருளே காரணம் என்று குதிரை நினைத்துக்கொள்ளும். ஆகவே மென்மை என்பது இந்தக் காலத்துச் சொகுசு என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள்.

வண்டியில் ஏறி இறங்குவதையும் இந்தப் பத்து வாரங்களில் பழக்குங்கள். முகாமுக்குப் போகும் நாளன்று முதன்முறையாக ஏற்றினால் பாதிப் பயம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும். சரிவுப்பலகை வைத்த வண்டியை வாரம் ஒருமுறை நிறுத்தி, உள்ளே போய்ப் புல் தின்றுவிட்டு இறங்கட்டும். பிறகு தெருக்கோடி வரை ஒரு சிறு பயணம். முடிந்தால் அவளுக்குப் பழகிய இன்னொரு குதிரையோ மட்டக்குதிரையோ கூட வரட்டும். வீட்டுப் புல்லையும் இரண்டு நாளுக்கு வீட்டுத் தண்ணீரையும் எடுத்துப் போங்கள். வாடை மாறிய தண்ணீரைக் குடிக்க மறுக்கும் குதிரைகள் நிறைய. முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாள் காலையிலேயே போய்ச் சேருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் தரையில் நின்று, பிடிகயிற்றில், மைதானத்தைச் சுற்றி நடங்கள். இரண்டு பக்கமும், இரண்டு திசையிலும். கூரை போட்ட மைதானமாக இருந்தால் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் வாசலில் நின்று காத்திருங்கள். குதிரைக் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பவர்களை அந்த வாசலில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் சேணம் வேண்டாம். மற்றவர்கள் எல்லாரும் ஏறியிருப்பார்கள், நீங்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பீர்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். ஓரமாக நின்று அவள் புல் தின்பதைப் பாருங்கள். சுற்றிலும் பத்துக் குதிரைகள் ஓடும்போது அவள் தலையைக் குனிந்து தின்றால், முதல் நாளுக்கு அதைவிடப் பெரிய வெற்றி எதுவும் தேவையில்லை.

இரண்டாம் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். புதிய இடத்தில் முதல் இரவு பல குதிரைகள் படுப்பதே இல்லை. ஆகவே இரண்டாம் நாள் அவள் பழகியவள்போல் தெரிந்தாலும் உண்மையில் களைத்தவள். நேற்று முடிந்ததைவிடக் கொஞ்சம் அதிகம் கேட்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும் நாள் அது. என் முகாம்களில் விபத்து என்று நடந்தவற்றில் பல அந்த நாளில் நடந்தவை. இரண்டாம் நாள் காலையில், குளிர்ச்சியான நேரத்தில் ஏறுங்கள். வீட்டில் செய்ததையே செய்யுங்கள்: நடை, நில், ஓர் அடி பின்னால், திரும்பு. அவள் விறைத்தால் இரண்டு வாரையும் இழுக்காமல் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் திருப்பி வட்டத்தில் நடக்கவிடுங்கள். இதை முன்பே வீட்டில் நடையில் பழக்கியிருக்க வேண்டும், பாய்ச்சலில் திடீரென்று திருப்பினால் குதிரை சறுக்கி விழும். இறங்க வேண்டும் என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள். தரையில் நின்று அவளுக்கு உதவுவது உங்களுக்கு நன்றாகத் தெரியுமே.

பயிற்சியாளர் கம்பில் பையைக் கட்டிக்கொண்டு வந்தால், 'வேண்டாம் சார், இவளுக்கு இன்று இவ்வளவு போதும்' என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழகுங்கள், கூட்டத்தின் நடுவே அது தொண்டையில் சிக்கும். நல்ல பயிற்சியாளர் இதைக் கேட்டு உங்களை மதிப்பார்.

மாமனாரின் சுழிக் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். சந்தைக்குப் போகும் பெரியவர்கள் சுழி பார்த்து வாங்கிய காலம் நீண்டது, அந்தியூர்ச் சந்தையில் இன்றும் பார்க்கிறார்கள். ஆனால் நெற்றி மயிர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதற்காக நல்ல குதிரைகள் அடிமாட்டு விலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவரை ஒருநாள் தோப்புக்கு அழைத்து வந்து, சாக்கை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். தன் பின்னால் முல்லை கழுத்தை நீட்டிக்கொண்டு வருவதை அவர் திரும்பிப் பார்க்கட்டும்.

பயம் போகுமா என்று கேட்டீர்கள். முழுவதும் போகாது, போக வேண்டியதும் இல்லை. பாய்ந்தோடுவதற்குப் பதில் நின்று பார்த்து, ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பும் குதிரையாக அவள் மாறலாம். அதற்கு ஓர் ஆண்டு ஆகலாம். பத்து வாரங்கள் முடிந்தும் 30 மீட்டர் தூரத்துச் சாக்குக்கே அவளால் மெல்ல முடியவில்லை என்றால், இந்த முகாமுக்கு அவளைக் கொண்டுபோகாமல் நீங்கள் மட்டும் போய்ப் பார்வையாளராக உட்கார்ந்து வாருங்கள். ஓராண்டு உண்மையாக உழைத்தும் நீங்கள் ஒவ்வொரு நாளும் பயந்தே ஏறுகிறீர்கள் என்றால், அப்போது அவளுக்கு வேறு நல்ல வீடு தேடுவதைப் பற்றிப் பேசலாம், அதிலும் அவமானமில்லை. சாலையோரத்தில் தனியாகச் சவாரி போவதை மட்டும், மோட்டார் சைக்கிளைப் பின்தொடரும் பயிற்சி முடியும்வரை முற்றிலும் நிறுத்திவையுங்கள்.

முகாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாளும் அதற்கு மறுநாளும் சேணம் தொட வேண்டாம். தோப்பில் அவிழ்த்துவிடுங்கள். அவள் மணலில் புரண்டு எழுந்து, படுத்துத் தூங்குகிறாளா என்று தூரத்திலிருந்து பாருங்கள். தூங்கினாள் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.